ஓலையில் காலமானவள்

1. இதை எழுதுபவன்: உன் உடன்பிறந்த அண்ணன். வயது அறுபத்திரண்டு. முப்பத்தைந்து ஆண்டுகளாக வழக்கறிஞன். சென்ற ஞாயிறு வரை பதினோரு ஆண்டுகள் நம் பங்குப் பேரவையின் செயலாளர்.

2. இதைப் பெறுபவள்: என் ஒரே தங்கை. கடல் கடந்த மருத்துவமனை ஒன்றில் செவிலி. என் வீட்டில் வளர்ந்த மணப்பெண்ணின் தாய். நல்ல உடல்நிலையுடன் உயிரோடிருப்பவள். இந்தக் கடைசி விவரத்தை ஏன் எழுத நேர்ந்தது என்பதே இக்கடிதத்தின் பொருள்.

அன்புள்ள தங்கைக்கு,

இறையருள் உன்னோடு இருப்பதாக. இங்கு மூவரும் நலம். உன் மகளின் திருமண உடை தைத்து வந்துவிட்டது. தோள்பட்டையில் சிறிது பிரிக்க வேண்டியிருக்கிறது.

மூன்று ஞாயிறுகள் பூசையில் வாசிக்க வேண்டிய திருமண ஓலையை வழக்கம்போல் நான்தான் வரைந்தேன். 'காலஞ்சென்ற' என்று உன் கணவருக்காகத் தொடங்கி, அவர் பெயரும் உன் பெயரும் எழுதி, 'ஆகியோரின் மகள்' என்று முடித்தேன். வாசிப்பவர் தலைமை ஆசிரியர். ஓய்வுபெற்றுப் பத்தாண்டாகியும் சிவப்பு மைப் பேனாவைச் சட்டைப்பையிலிருந்து இறக்காதவர். 'ஆகியோர்' பன்மையாயிற்றே, 'காலஞ்சென்ற' மட்டும் ஒருமையில் நிற்பதா என்று அவருக்கு உறுத்தியிருக்கிறது. பெயரெச்சத்துக்கு ஒருமை பன்மை கிடையாது என்பது அவரிடம் படித்த பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். 'காலஞ்சென்றவர்களாகிய' என்று திருத்தி, கணீரென்று வாசித்துவிட்டார். கொன்றவர் அவர், இரு பொருள் தரும் வாக்கியத்தைக் கையில் கொடுத்தவன் நான்.

பூசை முடிந்ததும் பாடகர் குழுப் பெண்கள் உன் அண்ணியைச் சூழ்ந்துகொண்டார்கள். நேற்றுக்கூடத் தொலைபேசியில் நன்றாகத்தான் பேசினாள் என்றாளாம் அண்ணி. "அப்படித்தாங்க, நல்லாப் பேசிட்டு இருக்கும்போதே போயிடுறாங்க" என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம்.

அன்று மாலையே பேரவையைக் கூட்டி, அடுத்த ஞாயிறு திருத்தி வாசிக்கக் கேட்டேன். துணைத்தலைவராகிய மரக்கடைக்காரரை உனக்குத் தெரியும். மற்றவர் பார்க்கும்போது மட்டும் முழந்தாள்படியிடும் பக்திமான். "கோயில்ல வாசிச்சது வாசிச்சதுதான் வக்கீல் சார். நாமளே திருத்துனா நாளைக்கு எவன் நம்மள மதிப்பான்?" என்றார். தலைமை ஆசிரியரோ, வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை, மறுப்பதானால் அவ்வம்மையார் உயிரோடிருப்பதற்கு எழுத்தில் சான்று வேண்டும் என்றார். உன் மகள் உன்னோடு தினமும் பேசுவதைச் சொன்னேன். அது செவிவழிச் செய்தியாம். மூன்று மாதம் முன் வந்த இளம் பங்குத்தந்தை மின்விசிறியைப் பார்த்தபடி, பேசி முடிவெடுங்கள் என்றார். தடியெடுத்தவன் தண்டல்காரன், சான்று வரும்வரை ஓலை உள்ளபடியே வாசிக்கப்படும் என்று தீர்மானமாயிற்று. இரண்டாம் ஞாயிறு தலைமை ஆசிரியர் இன்னும் உருக்கமாக வாசித்தார்.

அத்தீர்மானத்தைக் குறிப்பேட்டில் எழுதியவன் நான். ஒன்பது ஆண்டுக்கு முன், கோயில் சாவி ஏன் மரக்கடைக்காரர் வீட்டு ஆணியில் தொங்குகிறது என்று பொதுக்கூட்டத்தில் நீ கேட்டாய். குரல் தெளிவில்லை என்று காரணம் காட்டி, பூசையில் வாசிப்போர் பட்டியலிலிருந்து உன்னை நீக்கினார்கள். அரங்கின் கடைசி வரிசைவரை கேட்ட குரல் அது. அந்தத் தீர்மானத்தையும் நான்தான் எழுதினேன். சொற்கள் மட்டுமே என்னுடையவை, முடிவு அவர்களுடையது என்று இதுவரை சொல்லி வந்தேன். பிறர் அதை நம்பினார்கள். நீ நம்பவில்லை, விமானம் ஏறினாய்.

மூன்றாம் ஞாயிறு, தடை அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று வாசித்து நிறுத்தினார். நான் எழுந்தேன்.

"தடை இருக்கு. பொண்ணோட அம்மா உயிரோட இருக்கா. அவ வராம இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது."

மரக்கடைக்காரர் பாதி எழுந்து, உட்காருங்கள் என்று கைகாட்டினார். பதினோரு வருடமாக உட்கார்ந்துதானே இருந்தேன் என்றேன். பாடகர் குழுவில் யாரோ சிரித்துவிட்டார்கள். மறுநாள் பதவி விலகல் கடிதம் கொடுத்தேன்.

தடை எழுத்தில் பதிவாகிவிட்டது. பெண்ணின் தாய் நேரில் வந்து நின்றாலன்றி அதைத் திரும்பப் பெற முடியாது என்று பேரவைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்படியொரு விதி உண்டா என்று கேட்காதே. தேடிப் பார்த்தேன், இல்லை. பேரவையில் ஒருவருக்கும் அது தெரியாது. விதிப் புத்தகம் என்ன நிறம் என்பதுகூடத் தெரியாது. பங்குத்தந்தைக்குத் தெரியும் போலிருக்கிறது. புத்தகத்தைப் புரட்டினார், என்னைப் பார்த்தார், மூடி வைத்துவிட்டார்.

கல்யாணத்தை நான் இல்லாமலே நடத்துங்கள், அந்தக் கோயில் வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று சென்ற மாதம் தொலைபேசியில் நீ சொன்னதை நான் மறுக்கவில்லை. உன் கோபத்துக்கு முழு ஆதாரம் என் கையெழுத்திலேயே இருக்கிறது. உன் மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "அம்மா வரலன்னா என்ன மாமா பண்ணுவீங்க?" என்று கேட்டாள். எழுதிக்கொண்டிருந்த இந்தக் கடிதத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். படித்துப் பார்த்து, தானும் கையெழுத்திட வேண்டும் என்றாள்.

திருமணத்துக்கு முப்பத்துநான்கு நாள் இருக்கிறது. உனக்கு ஆணையிட எனக்குத் தகுதியில்லை, கேட்கவும் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். வா அம்மா. கடவுள் உன் பயணத்தைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
(கையொப்பம்)

சாட்சிகள்:
1. உன் அண்ணி
2. உன் மகள்