சைக்கிளுக்கு ஒரு துணி

4 ஜனவரி 2025, சனி

துப்பட்டா செயினில் மாட்டிக்கொண்டது. சாலாமேட்டைத் தாண்டி நடு ரோட்டில், கழுத்தை வண்டிக்குக் கொடுத்துவிட்டுக் குனிந்தபடி நின்றேன். பால்காரர் ஒருவர் பெடலைப் பின்பக்கம் சுற்றி எடுத்துவிட்டார். "பொறுமையா போங்க மேடம்" என்றார். மேடமா? அப்படியென்றால் பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்தவர். ஃபீஸ் கட்ட வருகிற பாதி விழுப்புரம் என் ஜன்னலுக்கு வெளியேதான் நிற்கிறது. திங்கட்கிழமை எந்த முகத்தோடு உட்காருவேன்?

துப்பட்டாவில் கிரீஸ். ஷாம்பு போட்டும் போகவில்லை.

5 ஜனவரி, ஞாயிறு

சர்க்கரை இருக்கிறது, நடங்கள் என்றார் டாக்டர். முட்டி ஒத்துழைக்கவில்லை. சைக்கிள் மிதித்தால் முட்டிக்குச் சுமை குறைவு என்று மகள் ஆர்த்தி சென்னையிலிருந்து ஒன்றை வாங்கி அனுப்பிவிட்டாள். வண்டியை அனுப்பினவள் என்ன உடுத்துவது என்று சொல்லி அனுப்பவில்லை.

புடவை ஆகாது. சுடிதார் நேற்றோடு போச்சு. இன்று நைட்டி, மேலே ஒரு துண்டு. எங்கள் தெருவில் பால் பூத்துக்கு எல்லோரும் அப்படித்தான் போகிறோம், ஒருத்தரும் ஒன்றும் நினைப்பதில்லை. ஆனால் ஏறி மிதித்தால் நைட்டி முட்டிக்கு மேலே வருகிறது. ஒரு கையால் அதை இழுத்து, ஒரு கையால் துண்டைப் பிடித்து — அப்புறம் ஹேண்டில்பாரை யார் பிடிப்பது? இறங்கித் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

எதிர் வீட்டு ஜெயம், "இன்னா மேடம், பஞ்சரா?" என்றாள். ஆமாம் என்றேன்.

10 ஜனவரி, வெள்ளி

எங்கள் பி.டி. டீச்சர் அருணாவிடம் கேட்டேன். திண்டிவனத்துப் பெண். அங்கே நாலைந்து பெண்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் போகிறார்களாம், விக்கிரவாண்டியில் இவள் போய்ச் சேர்ந்துகொள்வாளாம். "நீங்களும் வாங்க மேடம். எல்லாருக்கும் ஒரே மாதிரி சட்டை. உங்களுக்கும் ஒண்ணு ஆர்டர் போட்டுடறேன்" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டேன். எப்போதும் தலை முந்திக்கொள்கிறது.

18 ஜனவரி, சனி

சட்டை வந்துவிட்டது. மஞ்சள். லாரிக்காரனுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக அந்த நிறமாம். பஸ், ரயில் எல்லாவற்றுக்குமே தெரியும். முதுகுப் பக்கம் மூன்று பை. கூடவே கறுப்புப் பேன்ட், உட்காருகிற இடத்தில் பஞ்சு வைத்துத் தைத்தது. "உள்ளே ஒண்ணும் போடக்கூடாது மேடம், உரசிப் புண்ணாயிடும்" என்று அருணா சொன்னபோது பக்கத்தில் பியூன் நின்றிருந்தான். பூமி பிளக்கவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தேன். நாற்பத்தொன்பது வயதில் எனக்கு இவ்வளவு உடம்பு இருப்பது இன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது. புடவை எவ்வளவு நல்லது, எதையும் யாரிடமும் சொல்வதில்லை.

இவர் பார்த்துவிட்டு, "சாமந்திப் பூ மாதிரி கீற" என்றார். கிண்டலா, நிஜமா? கேட்கவில்லை.

19 ஜனவரி, ஞாயிறு

வழி கண்டுபிடித்தேன். மஞ்சள் சட்டைக்கு மேலே பழைய சுடிதார் டாப்பு. பைபாஸ் பாலத்துக்கு அடியில் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து அதைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டுக் கிளம்பினேன். திரும்பும்போது அதே இடத்தில் மாட்டிக்கொண்டு தெருவுக்குள் வந்தேன். திருடன்கூட இவ்வளவு யோசிப்பானா தெரியாது.

26 ஜனவரி, ஞாயிறு

விக்கிரவாண்டி டீக்கடை வரைக்கும் போய் வந்தேன். திண்டிவனத்துப் பெண்கள் மஞ்சள் மஞ்சளாக நின்று வடை தின்றார்கள். நானும் தின்றேன். யாரும் என்னை உற்றுப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் சின்ன ஏமாற்றம்.

வருகிற வழியில் எதிர்க்காற்று இல்லை. மிதிக்காமலேயே வண்டி ஓடிய ஒரு இடத்தில் சிரித்துவிட்டேன், தனியாக. எத்தனை வருஷமாச்சு.

8 பிப்ரவரி, சனி

நாளைக்குப் பனமலை ஏரி வரை போகலாம் என்கிறாள் அருணா. பனமலைக்கு முந்தின ஊரில்தான் பாஞ்சாலி இருக்கிறாள். இவருடைய தங்கை, எனக்கு நாத்தனார். வீடு ரோட்டைப் பார்த்தமாதிரி இருக்கிறது. அவள் வீட்டுக்காரர் துரைக்கண்ணு அண்ணன், படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமனார், ஊர் முழுக்க அவர்களின் பங்காளிகள். அங்கே நான் பட்டுப்புடவையில் போய் இறங்குகிற அண்ணி. காந்திமதி அண்ணி என்றால் ஒரு மரியாதை.

வேறு வழியாகப் போகலாமே என்றேன். அந்த ரோடு வெள்ளத்தில் பேர்ந்து கிடக்கிறதாம்.

ஹெல்மெட், கூலிங் கிளாஸ், மூக்கை மூடிக் கர்ச்சீஃப். யாருக்குத் தெரியப் போகிறது?

9 பிப்ரவரி, ஞாயிறு

துரைக்கண்ணு அண்ணன் போய்விட்டார். விடியற்காலையில் நெஞ்சுவலி. எழுத முடியவில்லை.

11 பிப்ரவரி, செவ்வாய்

எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

பாஞ்சாலி வீட்டைத் தூரத்தில் பார்க்கும்போதே வாசலில் ஆட்கள். இரண்டு பேர் டிராக்டரிலிருந்து நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார்கள். சாவு என்று தெரிந்துவிட்டது. பெரியவர்தான், அவள் மாமனார்தான் என்று நினைத்தேன். வயசானவர், கல்யாணச் சாவு. சாவு விழுந்த வீட்டைச் சொந்தக்காரர் இறங்காமல் தாண்டக் கூடாது, அது எனக்குத் தெரியாதா? ஆனால் இந்தப் பேன்ட்டோடு எப்படி இறங்குவது? பிணத்துக்கு முன்னால் பஞ்சு வைத்த பேன்ட்டோடா? வீட்டுக்குப் போய்ப் புடவை மாற்றிக்கொண்டு மாலையோடு வந்துவிடலாம், அதுதான் முறை என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டு மிதித்தேன்.

அருணா பின்னாலிருந்து, "மேடம், யாரோ உங்களப் பாத்து எழுந்து வர்றாங்க, தெரிஞ்சவங்களா?" என்றாள்.

"தெரியாது" என்றேன்.

ஏரிக்கரையில் போனை எடுத்தால் இவரிடமிருந்து வரிசையாக மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டேன். "துரைக்கண்ணு பூட்டான்டி. நான் பைக்குல வந்துக்கினு கீறேன். நீ எங்க கீற?" குரல் உடைந்திருந்தது. நான் விக்கிரவாண்டியில் இருப்பதாகச் சொன்னேன். நின்ற இடத்திலிருந்து அந்த வீடு கூப்பிடு தூரம்தான்.

பேர்ந்த ரோடு வழியாகவே வண்டியைத் தள்ளியும் மிதித்தும் விழுப்புரம் வந்து, குளித்து, புடவை கட்டி, பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பொறந்த வீட்டு அண்ணி இப்பதான் வர்றாங்க என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

பாஞ்சாலி வருகிற பெண்களையெல்லாம் கட்டிக்கொண்டு அழுதாள். நான் குனிந்து கட்டிக்கொண்டபோது அவள் கை எழவில்லை. மடியிலேயே கிடந்தது. மயக்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

16 பிப்ரவரி, ஞாயிறு

போகவில்லை. அருணாவிடம் முட்டிவலி என்றேன்.

22 பிப்ரவரி, சனி

கோடிப்புடவை எடுக்கப் போனோம். புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து போகிற துணி. அண்ணி கையால் எடுப்பதுதான் முறை. இவர் கடை வாசலிலேயே நின்றுவிட்டார், "நீயே பாத்து எடு" என்றார். நாற்பத்துமூன்று வயசுக்காரிக்கு எந்த நிறம்? வெள்ளை எடுக்க மனசு வரவில்லை. வெளிர் நீலத்தில் சின்னக் கரை போட்டது எடுத்தேன். கடைப்பெண், "கிப்டா மேடம்? பேக் பண்ணட்டுமா?" என்றாள்.

எனக்கு ஒரு துணி பொருந்தவில்லை என்று அவளைத் தாண்டிப் போனேன். இப்போது அவளுக்குப் பொருந்துகிற துணி தேடிக்கொண்டிருக்கிறேன்.

24 பிப்ரவரி, திங்கள்

கருமாதி முடிந்தது. கோடி போட்டாயிற்று. பாஞ்சாலி வாங்கிக்கொண்டாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

பந்தி முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு கிணற்றடியில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குமா என்று யாரோ தடுத்தும் கேட்கவில்லையாம். நானும் போய் உட்கார்ந்தேன். அண்டாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்கு மஞ்ச சட்டையில போனது நீங்கதானே அண்ணி."

என் வாய் திறந்தது. எதற்குத் திறந்தது? இல்லை என்று சொல்லத்தான். அவள் விடவில்லை.

"அவரு போயி ஒரு மணி நேரம்கூட ஆவல. சுத்தி நிக்கிறது பூரா அவுங்க ஜனம். எங்க ஜனம் ஒருத்தரும் இல்ல. அப்பதான் பாக்கறேன், நீங்க வந்துக்கினு கீறீங்க. தொப்பி போட்டா எனக்குத் தெரியாதா? பொறந்த வூட்டுலேர்ந்து மொத ஆளா எங்க அண்ணி வந்துட்டாங்கன்னு எழுந்து ஓடியாந்தேன். கைய வேற நீட்டிட்டேன்."

கையை நீட்டிக் காட்டினாள். அண்டாக் கரி அப்பியிருந்தது.

"பேன்ட்டு போட்டுக்கினு இருந்தேன் பாஞ்சாலி... அந்தத் துணியில எப்படி எறங்கறதுன்னு..."

அவள் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை. புரியாமல் பார்த்தாள்.

"துணிக்காவா போனீங்க?"

அவ்வளவுதான். மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

பதினொன்றாம் தேதி எழுதினதில் ஒரு பொய் இருக்கிறது. அருணா சொல்வதற்கு முன்பே நான் பார்த்தேன். தலை விரிந்து, கையை நீட்டி ஓடி வந்தது பாஞ்சாலி என்று தெரியும். மாமனார் செத்ததற்கு எந்த மருமகளும் அப்படி ஓடி வர மாட்டாள் என்பதும் எங்கேயோ தெரியும். தெரிந்துதான் மிதித்தேன். ஐயோ, என்ன பொம்பள நான்.

25 பிப்ரவரி, செவ்வாய்

சாப்பாடு இறங்கவில்லை.

2 மார்ச், ஞாயிறு

இவரிடம் சொல்லிவிட்டேன். கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"நான் எதுனா சொன்னனா? அந்தச் சட்டை போடாதன்னு நான் ஒருநாள் சொன்னனா? நீ பாலத்துக்கடியில துணி மாத்தறது எனக்குத் தெரியும். ஜெயத்து வூட்டுக்காரன் பாத்துட்டு வந்து சொன்னான். சரி, உனக்குக் கூச்சமா கீதுன்னு வுட்டுட்டேன்."

யாருமே ஒன்றும் சொல்லவில்லை. இவர் சொல்லவில்லை, தெரு சொல்லவில்லை, பாஞ்சாலி சொல்லியிருக்க மாட்டாள். ஊரையே நான் என் தலைக்குள் குடிவைத்து, அந்த ஊருக்குப் பயந்திருக்கிறேன்.

"எந்தங்கச்சி என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு" என்றார். அப்புறம் எழுந்து வெளியே போய்விட்டார்.

9 மார்ச், ஞாயிறு

சைக்கிள் மேல் தூசி. துடைத்தேன். ஏறவில்லை.

16 மார்ச், ஞாயிறு

பாஞ்சாலி வீட்டுக்குப் புடவை கட்டிக்கொண்டு பஸ்ஸில்தான் போவதாக இருந்தேன். கட்டியும் முடித்தேன். கண்ணாடியில் பார்த்தால் அதே அண்ணி, அந்த மரியாதைக்காரி. அவிழ்த்துப் போட்டேன்.

மஞ்சள் சட்டை, கறுப்புப் பேன்ட். மேலே ஒன்றும் இல்லை. கோலம் போட்டுக்கொண்டிருந்த ஜெயம் கோலப்பொடியோடு நிமிர்ந்தாள். "எங்க மேடம் ஜல்தியா?" "நாத்தனார் வூட்டுக்கு" என்றேன். மிதித்தேன். பாலத்தடியில் நிற்கவில்லை.

பாஞ்சாலி வீட்டெதிரே மல்லாட்டைக் கொல்லையில் இருந்தாள். புடவைக்கு மேலே துரைக்கண்ணு அண்ணனுடைய நீலக்கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. கொல்லை வேலைக்குப் புருஷன் சட்டையை மாட்டுவதுதான் இங்கே வழக்கம், அவர் இருந்தபோதும் அதைத்தான் போடுவாள். இப்போது கை மடிப்பை அவிழ்க்காமல் அப்படியே போட்டிருக்கிறாள். அது அவர் மடித்து வைத்த மடிப்பாகக்கூட இருக்கலாம்.

வாசலில் இறங்கி நின்றேன். தெருவே பார்த்தது. பார்க்கட்டும் என்றெல்லாம் வீரம் வரவில்லை, கூசத்தான் கூசியது. கூசிக்கொண்டே நின்றேன். அவள் வந்தாள், தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். உட்காருங்க என்று சொல்லவில்லை. குடித்துவிட்டு, "வர்றேன் பாஞ்சாலி" என்றேன். தலையை ஆட்டினாளா இல்லையா, தெரியவில்லை.

23 மார்ச், ஞாயிறு

போனேன். தண்ணீர். நின்றுகொண்டே குடித்தேன்.

30 மார்ச், ஞாயிறு

போனேன். வீடு பூட்டியிருந்தது. கொல்லையில் தூரத்தில் நீலக்கட்டம் தெரிந்தது. நிமிரவில்லை. கொஞ்சநேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

அடுத்த வாரம் மரக்காணம் பக்கம் போகலாம் என்று அருணா கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு இடம் இருக்கிறது என்றேன்.

6 ஏப்ரல், ஞாயிறு

மல்லாட்டை பிடுங்கிக் களத்தில் கொட்டியிருந்தார்கள். பாஞ்சாலி செடியிலிருந்து கடலைக் காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். என் சட்டை முதுகெல்லாம் வேர்வை. தண்ணீர் கொடுக்க வந்தவள் கையை நீட்டி, என் சட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"லேசாத்தான் கீது. சீக்கிரம் காயுமா?"

"காயும்."

அப்போது துக்கம் விசாரிக்க முகையூரிலிருந்து ஒரு அம்மா வந்தாள், துரைக்கண்ணு அண்ணன் வழியில் தூரத்துச் சொந்தம். பாஞ்சாலியைக் கட்டிக்கொண்டு அழுது முடித்தபிறகு அவள் பார்வை என் பேன்ட்டில் வந்து நின்றது. "யாரும்மா இது?" என்று பாஞ்சாலியிடம்தான் கேட்டாள்.

பாஞ்சாலி மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாள்.

"எங்க பொறந்த வூட்டு அண்ணி" என்றாள்.

பிறகு உள்ளே போய் இரண்டு நாற்காலி எடுத்துவந்து போட்டாள்.