சரசக்கா ஸ்டேஷனுக்குப் போன நாள்

என் சரசக்காவுக்கு,

நல்லா இருக்கிறீர்களா என்று கேட்டு ஆரம்பித்துத்தான் எனக்குப் பழக்கம். ட்ரெயினிங்கில் இருந்தபோது போட்ட கடிதமெல்லாம் அப்படித்தான் இருக்கும். அம்மா படித்துக் காட்டுவாள். நீங்கள் பாத்திரம் துலக்கிக்கொண்டே, "நல்லாத்தான் இருக்கறோம்னு எழுதிப்போடுங்க, வேறென்ன எழுதறது" என்று சொல்வீர்களாம். இந்தத் தடவை நான் நன்றாக இருக்கிறேன் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. அழவேண்டியதை அழுது முடித்தாயிற்று. உங்களிடம் சொல்ல ஒரு சமாச்சாரம் பாக்கி இருக்கிறது, அதற்காகத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் பழைய கதையை ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். நம் லைன் வீட்டில் ஆளுக்கு ஒரு மாதிரி அதைச் சொல்லித் திரிகிறார்கள். இவர்கள் வாயில் நீங்கள் இன்ஸ்பெக்டரை அறைந்ததாகக்கூட ஆகிவிட்டது.

மில் கட்டிக்கொடுத்த பன்னிரண்டு வீடு, ஒரு குழாய். உங்கள் சுவரும் எங்கள் சுவரும் ஒன்று. எங்கள் வீட்டில் மிளகாய் வறுத்தால் உங்கள் வீட்டில் மாமா தும்முவார். உங்களுக்குப் பிள்ளை இல்லை, எனக்கு உங்கள் வீட்டுச் சோறுதான் பிடிக்கும். பெண் போலீசுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் பார்த்து நான் விண்ணப்பம் போட்டதும் முதலில் சண்டைக்கு வந்தது நீங்கள்தான்.

"ஏங்கண்ணு, ஒலகத்துல வேற வேலையே இல்லாமப் போச்சா? டெய்லரிங் கத்துக்க. டைப்பு அடி. அந்தக் காக்கியத் தொடாத."

உங்கள் கோபத்தின் காரணம் லைனில் எல்லோருக்கும் தெரியும். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் மில்லில் ஸ்ட்ரைக் வந்தது. யாரோ கல் எறிந்தார்கள், ஆபீஸ் கண்ணாடி உடைந்தது. அன்று சாயங்காலம் போலீஸ்காரர்கள் வந்து, "பழனிச்சாமி இருக்கானா?" என்று உங்கள் வாசலில் நின்றார்கள். "இல்லீங்க" என்று நீங்கள் சொல்லி வாய் மூடவில்லை, மாமா சோற்றுக் கையோடு எழுந்து வந்து, "நாந்தானுங்க, என்னுங்க வேணும்?" என்றார். ஒரு தப்பும் செய்யாதவருக்கு என்ன பயம்? ஐந்தாம் நாள் திரும்பி வந்தார். அதிலிருந்து வலது கை தோளுக்கு மேலே போகாது. ஸ்டேஷன் இருக்கிற வீதியில் அவர் காலே வைத்ததில்லை. டீக்கடைக்குப் போகவேண்டும் என்றாலும் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டுதான் போவார்.

இதெல்லாம் தெரிந்தும் நான் விண்ணப்பம் போட்டேன். எனக்குப் பிடிவாதம், அதை நீங்களே சோறு ஊட்டி வளர்த்தீர்கள். அடுத்த ஆளெடுப்புக்குள் எனக்கு வயது தாண்டிவிடும். இது கிடைக்காவிட்டால் தை பிறந்ததும் திருப்பூர் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டிவிடவேண்டியது என்று அப்பா சொல்லியிருந்தார். மாப்பிள்ளை தங்கமான ஆள் என்றார்கள், இருக்கட்டும். எனக்கு ஓடவேண்டும் போல் இருந்தது.

திட்டிக்கொண்டே நீங்களும் மைதானத்துக்கு வந்தீர்களே, அதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. "போலீசு காம்பவுண்டுக்குள்ள நா வரமாட்டேன்" என்று வெளியே வேப்ப மரத்தடியில் குளுக்கோஸ் தண்ணீரோடு நின்றுகொண்டீர்கள். உள்ளே சூலூர், பெரியநாயக்கன்பாளையம், பொள்ளாச்சி என்று எங்கெங்கிருந்தோ வந்த பெண்கள். உயரம் அளந்த அம்மா என் தலையை அமுக்கி, "கொண்டைய அவுத்துட்டு வா, கொண்டைக்கெல்லாம் வேலை தர்றதில்ல" என்றார். அவிழ்த்துவிட்டு நின்றேன், மயிரிழையில் தப்பினேன். ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தேன். தாண்டுவதில் விழுந்து முட்டி பெயர்ந்தது. வெளியே வந்ததும் என் முட்டியைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டது, "இத்தோட உட்டுட்டாங்களா, இல்ல இன்னும் இருக்குதா?"

இன்னும் இருந்தது. எழுத்துப் பரீட்சை, நேர்முகம், டாக்டர் பரிசோதனை. கண்ணைப் பார்த்தார்கள், பல்லை எண்ணினார்கள், நிற்கும்போது முட்டியும் முட்டியும் ஒட்டுகிறதா என்று பார்த்தார்கள். எல்லாம் தேறிவிட்டேன். கடைசியாக ஒன்றுதான் மிச்சம். நாங்கள் கொடுத்த விலாசத்துக்கு லோக்கல் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து, பெண் எப்படி, வழக்கு எதுவும் உண்டா என்று விசாரித்து எழுதி அனுப்பவேண்டும். நான் தினமும் வாசலைப் பெருக்கி வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். எஸ்.டி.டி. பூத்தில் அப்போது எனக்கு வேலை.

ஒரு மாதம் ஆயிற்று. யாரும் வரவில்லை. சூலூர் ஜோதி, என்னோடு மைதானத்தில் ஓடினவள், பூத்துக்கு வந்து, "எங்க ஊட்டுக்கு வந்து விசாரிச்சு மூணு வாரம் ஆச்சே, உங்களுக்கு இன்னுமா வரல?" என்றாள். சாயங்காலம் குழாயடியில் எல்லோரும் இருக்கும்போது அதைத்தான் புலம்பினேன்.

நீங்கள் குடத்தைக் கீழே வைத்தீர்கள். "ஒருத்தரு வந்தாருங்கண்ணு" என்றீர்கள்.

சாதா உடுப்பில், டி.வி.எஸ். வண்டியில், காலை பதினொரு மணிக்கு வந்திருக்கிறார். லைனில் உங்களைத் தவிர யாரும் இல்லை. தலைமுடி வெட்டைப் பார்த்தே போலீஸ் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. கலாமணி என்கிற பெண் எந்த வீடு என்று கேட்டார். நீங்கள், "அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்றீர்கள். நாச்சிமுத்து மகள் என்றார். "அவிய காலி பண்ணீட்டுப் போயி ரண்டு மாசம் ஆச்சுங்க. எந்த ஊருன்னு தெரியலீங்க." வெயிலில் வந்தவரை வெறும் வாயோடு அனுப்பக்கூடாது என்று ஒரு டம்ளர் மோரும் கொடுத்திருக்கிறீர்கள். அதோடு விட்டீர்களா? அவர் மூலைக் கடையில் விசாரிப்பாரே என்று சந்து வழியாக முன்னால் ஓடிப்போய்க் கடைக்காரரிடமும் சொல்லி வைத்திருக்கிறீர்கள். அவரும் அதே பாட்டைப் பாடினார். மாமா விஷயத்தில் விட்ட ஓட்டையை இந்தத் தடவை அடைத்துவிட்டீர்கள்.

அந்த ஆள் போய், இந்த விலாசத்தில் இப்படி ஒரு பெண் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அம்மா அன்றைக்குப் பேசின பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. "வேணும்னேதான் சொல்லியிருக்கறா. இவ போலீசாப் போறது மொதல்லிருந்தே அவளுக்கு ஆகல. கைக்கு எட்டுனத வாய்க்கு எட்டாமப் பண்ணிப்போட்டா." நீங்கள் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. எனக்கு அதுதான் ஆத்திரம். இல்லை என்று சொல்லியிருக்கலாமே. நானும் உங்களைப் பார்க்காமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் மாமா தும்முவதுகூடக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற நீலப் பட்டோடு வாசலில் நிற்கிறீர்கள். "கெளம்பு கண்ணு. ஸ்டேஷனுக்குப் போலாம்."

மாமா பின்னாலேயே வந்துவிட்டார். உங்கள் வீட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, "போகாத சரசு. உள்ள போனா அவிங்க சொல்றதுதான்" என்றார். "நீங்க சித்தெ உக்காருங்க. வந்து சோறு போடறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தீர்கள். ஸ்டேஷன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டீர்கள், கோயிலுக்குப் போகிற மாதிரி.

இன்ஸ்பெக்டர் வயதானவர். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். மோர் குடித்தவர் மூலையில் நின்றுகொண்டு, "இந்தம்மாதாங்கய்யா" என்றார், காட்டிக்கொடுக்கிற குரலில்.

"போலீஸ்கிட்டயே பொய் சொல்லிருக்கீங்க. இதுக்கே ஒரு கேஸ் போடலாம், தெரியுமா?"

"போடுங்க. அந்தப் புள்ளைக்கு வேலையக் குடுத்துப்போட்டு என்மேல போடுங்க."

"எதுக்கும்மா சொன்னீங்க?"

"வந்தவரு எதுக்கு வந்தாருன்னு சொல்லலீங்க. பேரத்தானுங்க கேட்டாரு. பேரக் கேட்டு வந்தா ஆளக் கூட்டீட்டுப் போயிருவீங்க. எங்கூட்டுக்காரரக் கூட்டீட்டுப் போனீங்க. கண்ணாடிய ஒடச்சது அவரில்லீங்க. அஞ்சு நாள் கழிச்சு உட்டீங்க. இன்னைக்கும் அவருக்குத் தலையில எண்ணெய் வெக்கறது நாந்தானுங்க, கை எட்டறதில்ல."

இத்தனை வருடம் லைனுக்குள்ளேயே நீங்கள் வாய்விட்டுப் பேசாத விஷயம். அதை அந்த இடத்திலேயே, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' போட்டுச் சொன்னீர்கள். இன்ஸ்பெக்டர் அந்த ஸ்ட்ரைக் சமயத்தில் இங்கே இருந்தவர் இல்லை. ஏட்டைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார்.

ஏட்டு எழுதிப் படித்துக் காட்டினார். 'தெரியாமல் சொல்லிவிட்டேன்' என்று அதில் ஒரு வரி. நீங்கள் கையெழுத்துப் போடப் போன பேனாவைத் தூக்கிவிட்டீர்கள்.

"தெரியாம இல்லீங்க. தெரிஞ்சுதான் சொன்னேன். அப்படியே எழுதுங்க."

"அம்மா, உங்க நல்லதுக்குத்தான்..."

"ஒருக்காப் பொய் சொன்னதுக்கே இங்க வந்து நிக்கறனுங்க. இன்னொண்ணு வேண்டாமுங்க."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "அந்தம்மா சொல்றபடியே எழுதுய்யா" என்றார். மோர் குடித்தவரை அன்றைக்கே மறுபடி விசாரணைக்கு அனுப்புவதாகவும் சொன்னார்.

வெளியே வந்ததும் பசிக்கிறது என்று பேக்கரிக்குள் நுழைந்தீர்கள். தேங்காய் பன்னைப் பிட்டு டீயில் நனைத்துக்கொண்டே, "பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கெடைக்காதும்பாங்க, பாரு, எனக்குப் பன்னே கெடைச்சுப்போச்சு" என்றீர்கள். நான் சிரித்தேன். சிரிப்போடு சிரிப்பாக ஒன்றைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. தெரிந்துதான் சொன்னேன் என்றீர்களே, என்ன தெரிந்து? வந்த ஆள் என் வேலைக்காக வந்திருக்கிறார் என்று தெரிந்தேவா? அம்மா சொன்னதில் பாதியாவது நிஜமா அக்கா? இத்தனை வருடத்தில் பத்துத் தடவை வாய்வரை வந்தது. ஆமாம் என்று சொன்னாலும் எனக்கு உங்கள்மேல் கோபம் வந்திருக்காது. என்னை வெளியே விட உங்களுக்கு மனசில்லை, பிறகு நீங்களே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டீர்கள். இரண்டும் நீங்கள்தான்.

ஆர்டர் வந்தது. ட்ரெயினிங் போனேன். ஈரோட்டுப் பக்கம் போஸ்டிங் ஆனது. லீவில் வரும்போது காக்கிச் சட்டையை நீங்கள் துவைக்க மாட்டீர்கள். ஆனால் கொடியில் காய்வதை வெயில் போனதும் முதல் ஆளாக எடுத்து மடித்து வைப்பீர்கள். அம்மா உங்களோடு பேச ஆரம்பித்து, பேசி, ஒரு நாள் உங்கள் மடியில் படுத்து அழவும் செய்தாள். எல்லாம் ஒரு வழியாக நல்லபடி முடிந்தது.

இனி உங்களுக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

நீங்கள் போன அன்று காலை குழாயடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு எப்படித் தகவல் சொல்வதென்று யாருக்கும் தெரியவில்லை. நான் சென்னிமலைத் தேருக்குப் பந்தோபஸ்து போயிருந்தேன். அப்பா பூத்திலிருந்து எங்கள் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். எடுத்தவர் ஆள் வெளியே போயிருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார். ராத்திரிக்குள் எடுத்துவிடலாம், பிள்ளையிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் மாமாவைக் காணவில்லை. ஆளுக்கொரு பக்கம் தேடியிருக்கிறார்கள்.

மலையடிவாரத்தில் என் பக்கத்தில் நின்ற ஏட்டய்யாவின் வயர்லெஸ் மைக்கில் என் பேர் வந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு பஸ் பிடித்தேன். பொழுது இறங்குவதற்குள் வந்துவிட்டேன். உங்கள் முகத்தைப் பார்த்தேன், எண்ணெய் வைத்தேன், வாய்க்கரிசி போட்டேன். அது மட்டும் கிடைக்காமல் போயிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது.

மைக்கில் சொல்லி அனுப்பியது யார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. தகவல் போனது நம் ஏரியா ஸ்டேஷனிலிருந்துதான் என்று தெரிந்து, காரியம் முடிந்ததும் அங்கே ஒரு நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன். அங்கே எழுத்து வேலை பார்க்கிற ரைட்டர் சொன்னார்.

"ஒரு பெரியவர் வந்தாரும்மா. நேரா உள்ள வந்து மேஜைக்கு முன்னால நின்னுட்டார். யாருன்னு நான் கேக்கறதுக்கு முன்னாடியே, 'என்ர பேரு பழனிச்சாமிங்க, மில் லைன்ல ஏழாம் நம்பர் ஊடுங்க. எங்கூட்டுல எறந்துபோட்டாங்க. கலாமணிக்குத் தாக்கல் சொல்லோணும்'னார். கலாமணி யாருன்னு கேட்டேன். 'எங்க புள்ளைங்க. போலீசுல இருக்குதுங்க'ன்னு சொன்னார்."

தன் பேரைச் சொல்லியிருக்கிறார் அக்கா. யாரும் கேட்காமலேயே.

கோயமுத்தூருக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், கிடைத்துவிடும் என்கிறார்கள். வந்ததும் மாமாவின் தலைக்கு எண்ணெய் வைப்பது என் வேலை. என்னைப் பெற்றவர்களும் அதே லைனில்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அம்மாவே சொல்லிவிட்டாள். அந்த ஸ்டேஷனில் மாமா சொல்லிவைத்த உறவை நான் கடைசிவரை காப்பாற்றுவேன், சத்தியமாக.

இப்படிக்கு,
ஏழாம் நம்பர் வீட்டுப் புள்ளை,
கலாமணி