அளவுக்குக் கொடுத்த ஜாக்கெட்

வியாழன், இரவு.

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். சும்மா கேட்டுவிட்டு வரலாம் என்று அம்மா இன்று என்னை அடையாறில் ஒரு லைப்போசக்‌ஷன் டாக்டரிடம் கூட்டிப்போனாள். உட்கார்ந்ததும், "கல்யாணத்துக்குள்ள எத்தனை கிலோ குறையும், டாக்டர்?" என்றாள்.

டாக்டர் பொறுமையாகவே சொன்னார். "இது எடை குறைக்கிற ஆபரேஷன் இல்லம்மா. குழாய் விட்டு அங்கங்க இருக்கிற கொழுப்பை உறிஞ்சி எடுப்போம். உடம்போட வடிவம்தான் மாறும். வீக்கம் முழுசா வடியவே மாசக்கணக்காகும். முதல்ல உங்க பொண்ணுக்கு இதுல இஷ்டமா?"

"இல்லை" என்றேன். அம்மாவின் முகம் செத்துப்போனது.

ஆட்டோவில் ஏறிய பிறகுதான் காரணம் தெரிந்தது. முகூர்த்தப் புடவைக்கு ரவிக்கை தைக்க, தி.நகர் டெய்லரிடம் அளவுக்கு என் ஜாக்கெட்டைக் கொடுக்காமல், சித்தியின் ஒல்லியான மகள் அனிதாவின் ஜாக்கெட்டை அம்மா தவறுதலாக மாற்றிக் கொடுத்திருக்கிறாள். அவர் துணியை வெட்டியும் விட்டாராம்.

"இப்ப என்னடி பண்றது? பட்டுத் துணி வீணாப் போயிடுமே!" என்று வீடு வரை புலம்பினாள். என் வயிற்றுக்குள் குழாய் போவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வீணாய்ப் போகட்டும். வெட்டுப்பட்டது துணிதானே, நான் இல்லையே.