புலிநகத்தின் பின்பக்கம்

பஃபலோ ரோடு, சிங்கப்பூர்
அக்டோபர் 12

அன்புள்ள நிரஞ்சனாவுக்கு,

இளமாறன் எழுதுவது. நானும் அனுவும் சுகம். அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். அனு சுகம் என்பது மட்டும் உண்மை.

தினமும் போனில் பேசுகிறவன் இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் தொடங்கினால் நீ சிரித்துக்கொண்டே வேறு பேச்சுக்கு இழுத்துவிடுவாய், நானும் சந்தோஷமாகக் கூடவே வந்துவிடுவேன். மூன்று வாரமாக அதுதான் நடக்கிறது. அதனால் இன்று கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு, பட்டறை மேசையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

அனுவுக்குப் பரீட்சை நெருங்குகிறது. கணக்கில் பரவாயில்லை, தமிழில்தான் வாய் ஓயாமல் பேசுகிறாளே தவிர எழுத உட்காருவதில்லை. போன வாரம் அவள் டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். வகுப்பில் எல்லாரிடமும், "எங்க அம்மா லண்டன்ல புலித் திருடங்கள எப்படிப் பிடிக்கிறதுன்னு படிக்கிறாங்க லா, ஃப்ரீயா படிக்கிறாங்க" என்று சொல்லி வைத்திருக்கிறாளாம். நானும் சிரித்து வைத்தேன்.

தஞ்சோங் பகாரில் உன் நேர்காணல் நடந்த நாள் நினைவிருக்கிறதா? கீழே காப்பிக்கடையில் நான் மூன்று தே ஓ குடித்துவிட்டுக் காத்திருந்தேன். நீ ஓடி வந்து சொன்னாய்: உங்களை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்டார்களாம். காட்டிலே புலியைப் பிடிப்பவனைப் பற்றி எல்லாரும் படிக்கிறார்கள், கடைசியில் அதன் நகம் வந்து சேர்வது நகை செய்யும் ஒரு பத்தரின் மேசைக்கு. என் கணவர் பத்தர், எனக்கு அந்த மேசையைத் தெரியும் என்றாயாம். அந்தப் பதிலால்தான் உதவித்தொகை கிடைத்தது என்று பிறகு அவர்களே உன்னிடம் சொன்னார்கள். அன்று என் மேசை இழுப்பறையில் ஒரு புலிநகம் கிடந்தது, நிரஞ்சனா.

இனிச் சுற்றி வளைக்கவில்லை. நீ அனுப்பிய படத்தில் இருப்பது என் வேலை. ஏதோ ஒரு விமான நிலையத்தில் பிடிபட்டதாகச் சொல்லி, முன்னும் பின்னும் படம் எடுத்து, இது எந்த ஊர்ப் பத்தர் கை என்று கேட்டாயே, அந்தப் புலிநகப் பதக்கம். முன்பக்கம் யார் வேண்டுமானாலும் செய்யலாம். பின்பக்கத் தகட்டின் ஓரம் உள்ளே மடிந்திருக்கிறது பார். குழந்தையின் நெஞ்சில் உறுத்தக்கூடாது என்று நான்தான் அப்படி மடிப்பேன். நேரமும் தங்கமும் கூடுதலாகப் பிடிக்கும் என்று வேறு யாரும் செய்வதில்லை. படம் வந்ததுமே தெரிந்துவிட்டது.

நம் வாடிக்கையாளர் தனசேகரன் அண்ணன்தான் அந்த நகத்தைக் கொண்டுவந்தார், பேரனுக்கு ஒரு வயது நிறைகிறது, புலிநகம் போட்டால் பிள்ளை பயப்படாது என்று. பிளாஸ்டிக்தான் தம்பி, ஊரில் வாங்கியது என்றார். நானும் பிளாஸ்டிக் என்றே வைத்துக்கொண்டேன். தங்கத்தைப் பற்றவைக்கப் பொடி வைத்துத் தீயை ஊதும்போது முடி கருகுகிற வாடை வந்தது. பிளாஸ்டிக் அப்படி நாறாது என்று தெரியாத பத்தரா நான்? ஜன்னலைத் திறந்துவிட்டு வேலையை முடித்தேன். பிறகு அவருடைய சொந்தக்காரர்களுக்கு என்று இன்னும் மூன்று நகம் வந்தன. அந்த நாட்களில் நீ விலங்கு மீட்பு நிலையத்தில் வாலறுந்த உடும்புக்கு மருந்து போட்டுவிட்டு வந்து நாள் முழுக்கப் பேசுவாய். நான் உம் கொட்டிக்கொண்டே இருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

அதைவிடப் பெரிய தப்பு, உனக்குச் சொன்ன பதில். நம்ம ஊர் வேலை இல்லை, மலேசியாவில் தைப்பிங் பக்கம் செய்திருப்பார்கள் என்றேன். வாயில் முதலில் வந்த ஊர் அது. அங்கே நமக்குத் தெரிந்த ஒரே பத்தர் ராமலிங்கம் ஐயா என்பது உனக்கும் நினைவிருக்கும் என்று யோசிக்கவில்லை. நேற்று நீ சந்தோஷமாகச் சொல்கிறாய், அந்தப் பதக்கத்தைப் பற்றிய அறிக்கையில் அவர் பெயரைச் சேர்த்துவிட்டேன், இருபத்தெட்டாம் தேதி கொடுத்ததும் மலேசிய அதிகாரிகளுக்குப் போகும் என்று. அந்த மனிதர் நமக்கு வாழையிலை போட்டுச் சாப்பாடு கொடுத்தவர். நகத்தைக் கையால்கூடத் தொட்டிருக்க மாட்டார். அவர் வாசலில் அதிகாரிகள் போய் நிற்கப்போவது என் பொய்யால்.

அவர் பெயரை எடுத்துவிடு. அந்த இடத்தில் என் பெயரையும் கடை முகவரியையும் எழுது. நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும், திங்கட்கிழமை காலை இங்குள்ள அதிகாரிகளிடம் நானே போய்ச் சொல்லப்போகிறேன். ஒரு வக்கீலைப் பார்த்தேன். எழுத்தில் யாருக்கும் எதுவும் கொடுக்காதீர்கள், மனைவிக்கும்கூட என்றார். அவர் வேலையை அவர் பார்க்கிறார். நாலாவது நகம் இன்னும் கோர்க்காமல் என்னிடம்தான் இருக்கிறது, அதையும் கொண்டுபோகிறேன்.

அனுவுக்கு நானே சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே. உன் தங்கை சுதா சில நாள் வந்து தங்குகிறேன் என்றிருக்கிறாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை, கேட்காததே பெரிய உதவி.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வெட்கத்தில் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடாதே. உன் ஆசிரியரிடம் நீயே போய் உள்ளதைச் சொல். அவர்கள் என்ன முடிவெடுத்தாலும் அவர்கள் எடுக்கட்டும், நீயாக எடுக்காதே. குளிர் தொடங்கிவிட்டது என்றாய், காதை மூடிக்கொண்டு போ, வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

படிப்பு முடிந்து நீ வருகிற நாளில், சிறையில் போடாமல் என்னை விட்டுவைத்திருந்தால், சாங்கி விமான நிலையத்துக்கு நான் வரலாமா என்று ஒரு வரி எழுது. வேண்டாம் என்றால் சுதாவோடு அனுவை மட்டும் அனுப்பிவைக்கிறேன்.

இளமாறன்