நடக்கவே இல்லை என்று கொள்ளப்படும்

மார்ச் 4, திங்கள்

பள்ளிச் சமையற்கட்டில் இன்றைக்கும் பீன்ஸ் அடிப்பிடித்தது. பழி வழக்கம்போல் என் தலையில். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் காலத்தில் மூடாததால்தானே இந்தப் பாடெல்லாம்.

சாயங்காலம் மிஸ் யூலா வீடு. அவருடைய அக்கா மகள் பெர்னிஸ் கறாராகச் சொல்லிவிட்டாள்: சம்பளத்துக்கு ஓர் ஆள் அமையாவிட்டால் கோடைக்குள் முதியோர் இல்லம். மிஸ் யூலாவுக்குக் கால்தான் போயிற்று, புத்தி கத்தி மாதிரி இருக்கிறது. "அங்க ஜெல்லியக் குடுத்தே ஆளக் காலி பண்ணிருவானுங்க. நீயே வந்து பாத்துக்கயேன், வெர்னெட்டா," என்கிறார். நான் தயார்தான். ஆனால் பராமரிப்பு நிறுவனம் என் பெயரைக் கணினியில் தட்டினால் போதும், அழகு நிலையத்தில் லட்ரீஸின் மூக்கில் நான் விட்ட குத்தும் அதற்காக இருந்த சிறையும் எழும்பி நிற்கும். "எப்போதாவது சிறைக்குச் சென்றதுண்டா?" அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று எழுத என் கை எவ்வளவு காலமாக ஏங்குகிறது!

வேடிக்கை என்னவென்றால், மிஸ் யூலாவே எனக்கு அந்தச் சிறையால் கிடைத்தவர்தான்; தேவாலயம் அவர் மூலமாகக் கிடைத்தது. அவர் மகள் ஷரீஸ் இருந்தது என் அறையில். மூச்சிளைப்பு வந்து செத்தது என் மடியில்.

மார்ச் 10, ஞாயிறு

ஷரீஸின் நினைவு ஞாயிறு. தேவாலயத்தில் எழுந்து சாட்சி சொன்னேன், வருஷா வருஷம் சொல்வதுதான்: அவள் தனியாகப் போகவில்லை, நான் பிடித்துக்கொண்டிருந்தேன், காதருகே பாடிக்கொண்டிருந்தேன். "சொல்லு சிஸ்டர்!" "ஆமென்!" என்று நாலா பக்கமும் குரல். மிஸ் யூலா சக்கர நாற்காலியில் கண்ணை மூடிக் கேட்டார். "இதக் கேக்கத்தான்டீ அடுத்த வருஷம் வரைக்கும் உசுரப் பிடிச்சு வச்சிருக்கேன்," என்றார் பிறகு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கீழ்த்தளத்தில் பொரித்த மீன். மீனுக்குப் பக்கத்து மேசையில் இலவசச் சட்ட உதவி. ட்ரூடி என்று ஒரு வக்கீல் பெண்.

"அஞ்சு வருஷம் தாண்டிருச்சு, வேற வழக்கும் இல்ல. உங்களுக்குத் தகுதி இருக்கு, மேடம். பதிவ அழிச்சிரலாம்."

"அழிச்சா?"

"கென்டக்கி மாநிலச் சட்டப்படி அது நடக்கவே இல்லைன்னு ஆயிரும்."

"அப்ப லட்ரீஸோட கோண மூக்குக்கும் ஒரு வார்த்தை சொல்லிருங்க," என்றேன். இருவரும் சிரித்தோம்.

ஏப்ரல் 9

பதிவை அழிக்கலாம் என்று தகுதிச் சான்று வந்துவிட்டது! சமையற்கட்டில் கரண்டியோடு ஒரு ஆட்டம் போட்டேன்.

மே 14

நீதிபதி கையெழுத்துப் போட்டார். "நடக்கவே இல்லை என்று கொள்ளப்படும்." தலை கூட நிமிரவில்லை மனிதர். அப்பாடா! மிஸ் யூலாவிடம் சொல்லக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

மே 15

எடுத்தார்.

"யாரு?"

"வெர்னெட்டா."

"எந்த வெர்னெட்டா?"

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். "எதையாவது விக்கிறதா இருந்தா வேற வீட்டப் பாரும்மா," என்று வைத்துவிட்டார்.

மே 19, ஞாயிறு

தேவாலய வாசலில் போதகர் கையைக் குலுக்கினார். "முதல் தடவையா வர்றீங்களா, சிஸ்டர்?" நெஞ்சில் 'விருந்தினர்' என்று ஒட்டிவிட்டார்கள். நான் மீன் பொரித்துப் போட்ட ஜனங்கள்! மிஸ் யூலா முன்வரிசையில். என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையை ஆட்டினார், தெரியாதவர்களுக்கு ஆட்டுவது போல.

எல்லோரும் சேர்ந்து நாடகம் ஆடுகிறார்களா? எதற்கு?

மே 21

மளிகைக் கடையில் லட்ரீஸ். "ஹலோ" என்று சிரித்துவிட்டுப் போனாள். அவள் மூக்கில் கோணலே இல்லை.

மே 22

ட்ரூடியிடம் ஓடினேன். திருப்பிப் போடுங்கள், எனக்கு வேண்டாம் என்றேன்.

"எதத் திருப்பறது, மேடம்? உங்க பேர்ல ஒண்ணுமே இல்லையே." என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். "நாம இதுக்கு முன்ன சந்திச்சிருக்கமா?"

ஐயோ.

ஜூன் 3

பராமரிப்பு நிறுவனத்தில் வேலை கிடைத்துவிட்டது. அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன். முதல் வீடு மிஸ் யூலாவுடையது – நான்தான் கேட்டு வாங்கினேன். "காபில சக்கர வேணாம், வாசல் வழியா வா, பின்கதவத் தொடாத," என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் எனக்கே சொல்லிக்கொடுத்தார்.

ஜூன் 7

மிஸ் யூலாவின் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். அவராகவே ஆரம்பித்தார், சுவரில் இருந்த ஷரீஸின் படத்தைப் பார்த்து.

"என் மக. சிறையில தனியாப் போயிட்டா. பக்கத்துல ஈ காக்கா இல்ல. கூப்பிட்டிருப்பா... யாருக்குக் கேக்கும்? அதான் எனக்கு ராத்திரில தூக்கமே கிடையாது."

இத்தனை வருஷமும் தூங்கிய மனுஷி! நான் வேலைக்காக என் பெயரை வெள்ளையடித்தேன், அந்த அறையில் அவர் மகள் தனியாகிவிட்டாள். என்னால் தாங்க முடியவில்லை.

"நான் இருந்தேன், மிஸ் யூலா."

"எங்க?"

"அங்கதான். உள்ள. அவ கூட."

என் கையைத் தட்டிவிட்டார். "உன்ன நல்லா அலசிப் பாத்துத்தான் அனுப்பியிருக்காங்க. நீ சிறை வாசப்படியே மிதிச்சதில்ல. பெத்தவகிட்டயா விளையாடற? வெளிய போடீ!"

ஜூன் 8

நிறுவனத்து மேலாளர், பெர்னிஸின் புகாரோடு: "பால் மாதிரி சுத்தமான பேரு உங்களுக்கு. ஏன் இப்படி இல்லாததச் சொல்றீங்க?" வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டாள். சிறைக்கே போன் போட்டுக் கெஞ்சினேன். என் பெயரில் அங்கே யாரும் இருந்ததில்லையாம். அப்போது நான் எங்கே இருந்தேன்? அந்தப் பாட்டை யார் பாடியது?

ஜூன் 10

மத்தியானம் மிஸ் யூலாவே கூப்பிட்டார். வணக்கம் கிணக்கம் எதுவும் இல்லை.

"அவ தலை எப்படி இருந்துச்சு?"

"இடது பக்கம் பின்னியிருந்துச்சு, வலது பக்கம் விரிச்ச முடி. நான்தான் பின்னிக்கிட்டிருந்தேன். பாதியில மூச்சு இழுக்க ஆரம்பிச்சிருச்சு."

 

"பெட்டில வந்தப்ப பாதிப் பின்னல்தான்," என்றார். "யாரு பின்னினதுன்னு ஒருத்தனுக்கும் தெரியல. அவளுக்கு அவ தலையப் பின்னிக்கவே வராது." "கம்ப்யூட்டர் பொய் சொல்லுதோ நீ பொய் சொல்லுறியோ, எனக்கு அது வேணாம். வந்து சொல்லு. மெதுவாச் சொல்லு."

போனேன். பெர்னிஸ் வாசலில் முறைத்தாள். உள்ளே போய் மிஸ் யூலா காலடியில் தரையில் உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன், பாட்டு உட்பட. அவர் கண்ணை மூடவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கும் வந்து இதயே சொல்லணும்," என்றார். "ஒரு வார்த்தை மாறினாலும் எனக்குத் தெரிஞ்சிரும்."

மாறாது என்றேன்.