கட்டி இல்லையென்று திருப்பி அனுப்பப்படும் பெண்கள்

அனுப்புநர்
ச. மேகலா (வயது 43),
க/பெ. சத்யராஜ்,
தொழிலாளர் குடியிருப்பு,
செண்பகச்சோலை எஸ்டேட்,
நாகலூர் அஞ்சல், ஏற்காடு வட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்,
சேலம்.

பொருள்: மார்புக்காம்பில் ஆறாத புண்ணுக்குக் களிம்பு மட்டும் கொடுத்து அனுப்புவது – எங்கள் எஸ்டேட் தொழிலாளி திருமதி அருக்காணியை உடனே சதைப் பரிசோதனைக்கு அனுப்பக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் மேற்படி எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் தொழிலாளி. பழம் போடும் பையை நாங்கள் கழுத்தில் மாட்டி, மார்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வோம். சாக்குத்துணி என்பதால் உரசும், எறும்பும் ஏறும். அதனால் அங்கே யாருக்கு அரிப்பு என்றாலும் பைமேல்தான் பழி. போன வருடப் பறிப்பின்போது எனக்கு இடது மார்புக்காம்பில் அரிப்பு வந்தது. நானும் பைதான் காரணம் என்று நம்பி, பழைய சேலையை வெட்டி மெத்தென்று வேறு பை தைத்துக்கொண்டேன். பறிப்பு முடிந்து பையைக் கழற்றி ஆணியில் மாட்டிய பிறகும் அரிப்பு நிற்கவில்லை. தோல் சிவந்து செதில் உதிர்ந்தது. ரவிக்கையில் நீர்க்கறை பட்டது.

2. சுகாதார நிலையத்துக்குப் போனேன். மருத்துவர் ஆண். வரிசையில் நின்றவர்களுக்கும் எனக்கும் நடுவே ஒரு திரைகூடக் கிடையாது. "பை உரசற எடத்துல புண்ணுங்க" என்று மட்டும் சொன்னேன். அவரும் எந்த இடம் என்று கேட்கவில்லை, களிம்பு எழுதினார். தடவினால் வாடும், விட்டால் திரும்ப வரும். போகும்போதெல்லாம் அதே களிம்புதான். பிறகு எஸ்டேட்டுக்கே மார்பகப் புற்றுநோய் முகாம் வந்தது. அங்கே ஒரு பெண் பணியாளர், "கட்டி இருக்குதுங்களா?" என்று கேட்டார். "கட்டி இல்லீங்க, காம்புலதான் புண்ணு" என்றேன். "கட்டி இல்லீன்னா பயமில்லீங்க, அது தோல் சமாச்சாரம்" என்று அனுப்பிவிட்டார். நான் நிம்மதியாக வீடு திரும்பினேன் ஐயா.

3. காம்பு உள்வாங்கி ரத்தம் கசிந்த பிறகு என் மகள் தீபிகா என்னைச் சேலத்துக்கு இழுத்துப் போனாள். அங்கே ஒரு பெண் மருத்துவர் துளி சதை எடுத்துச் சோதித்து, இதன் பெயர் பேஜெட் நோய் என்றார். மார்பகப் புற்றுநோயில் அரிதான வகையாம். காம்பில் தொடங்குமாம். பார்வைக்குப் படை போலவே இருக்கும், கைக்குக் கட்டி தட்டுப்படாமலும் இருக்கலாம், ஆனால் உள்ளே புற்று இருக்கக்கூடும் என்றார். ஒரு பக்கக் காம்பில் வந்த புண் களிம்புக்கு ஆறவில்லையென்றால் சதைப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும் என்றும் விளக்கினார். எனக்கு உள்ளேயும் பரவியிருந்தது. இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அரிதான நோய்தான் என்று பலரும் ஆறுதல் சொல்கிறார்கள். வந்தவளுக்கு அது முழுசாகத்தான் வந்தது.

4. இது என்னோடு முடிந்திருந்தால் தங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். பக்கத்து வீட்டு அருக்காணி அக்காவுக்கு இப்போது வலது காம்பில் அதே செதில், அதே நீர். நானே அவரைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய், என் சிகிச்சைக் காகிதங்களையும் காட்டினேன். அதே மருத்துவர், "உங்களுக்கு வந்தா எல்லாருக்கும் வருமாம்மா?" என்று கேட்டுவிட்டு அதே களிம்பைக் கொடுத்தார்.

5. அன்றிலிருந்து அக்கா சேலத்துக்கு வர மறுக்கிறார். "டாக்டரே ஒண்ணுமில்லீன்னுட்டாரு கண்ணு, நீ எதுக்கு என்னைய நோயாளியாக்கற? நொம்பப் பயமுறுத்தாத" என்கிறார். என்னைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்கிறார். எனக்கு அவர்மேல் கோபமில்லை. எங்கள் மலையில் அரசாங்க டாக்டர் வாக்குக்கு அவ்வளவு மரியாதை. அந்த மரியாதைதான் இப்போது அக்காவின் உயிருக்கு உலை வைக்கிறது. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

6. நிலையத்தின் பெயரை வேண்டுமென்றே இதில் எழுதவில்லை, நேரில் கேட்டால் சொல்கிறேன். யாருடைய வேலைக்கும் உலை வைக்க நான் வரவில்லை. அங்குள்ள செவிலியர்தான் மழையிலும் எங்கள் பிரசவங்களுக்கு ஓடி வருகிறவர். பெண்களைத் திரை மறைவில், பெண் மருத்துவரைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள். முகாமில் கட்டியைக் கேட்பவர்கள் காம்பையும் கேட்கட்டும். இவை நடக்க நாளாகும் என்று எனக்குத் தெரியும்.

7. அருக்காணி அக்காவுக்கு நாளில்லை. நான் சொன்னால் அவரிடம் எடுபடாது. ஒன்றுமில்லை என்று சொன்ன அந்த மருத்துவரே அவர் வீட்டுக்கு வந்து, "நான் சரியாகப் பார்க்கவில்லை, சேலத்துக்குப் போய்ச் சோதித்துவிடலாம்" என்று சொல்ல வேண்டும். அவர் சொன்னால் அக்கா மறுபேச்சுப் பேசாமல் வண்டியேறுவார். இதற்குத் தாங்கள் உத்தரவிடுமாறு கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

மனு பரிசீலனையில் உள்ளது என்ற குறுஞ்செய்தி எனக்கு வேண்டாம் ஐயா. டாக்டர் எந்த நாள் வருகிறார் என்பதை மட்டும் தெரிவியுங்கள். அன்றைக்கு வேலைக்குப் போகாமல், அக்கா கதவைச் சாத்துவதற்கு முன்பே நான் வாசலில் நிற்பேன்.

இடம்: நாகலூர்
நாள்: 18.03.2025

இப்படிக்கு,
ச. மேகலா