எண்ணூரில் வைத்த சொல்

12 ஆகஸ்ட் 1974, திங்கள்

கும்மிடிப்பூண்டி உருக்காலை ஃபிட்டர் முனுசாமிக்கு இன்று ஃபோர்மன் வேலைக்கான நேர்காணல். ஆங்கிலத்தில் கேட்பார்கள் என்பதால் இரண்டு மாதமாக மாலை ரயிலில் அவருக்குச் சொற்கள் சொல்லிவந்தேன். நிலையத்துக்கு ஒரு சொல் என்பது என் வழக்கம். கவரைப்பேட்டையில் ஒன்று, பொன்னேரியில் ஒன்று. வண்டி நிற்கும்போது ஊரோடு சேர்த்துச் சொன்னால் சொல் மறக்காது. நிருபர் வேலைக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் கற்றேன்.

இன்று பெட்டியில் ஏறியதும் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"உலை தொறக்கறதுக்கு முன்னால இன்னா பண்ணுவேன்னு கேட்டாங்க சார். ஜாக்கிரதைக்கு நீங்க சொல்லிக்குடுத்த ப்ரிகாஷன்னு ஆரம்பிக்கணும். அது எண்ணூர்ல கீது. நான் கவரைப்பேட்டைலேர்ந்து ஒண்ணொண்ணா மனசுல சொல்லிக்கினு வரேன். மீஞ்சூர் தாண்டறதுக்குள்ள ஆபீசரு போலாம்னுட்டாரு."

"எண்ணூரு வரிக்கும் பாஸ் எடுக்கலியா நைனா?" என்றார் பக்கத்திலிருந்த வெல்டர். பெட்டியே சிரித்தது. முனுசாமியும் சிரித்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவர், திருவொற்றியூரில் "வரேன் சார்" என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போனார்.

நான் தாளை முன்னால் வைத்துக்கொண்டு நிதானமாக எழுதுகிறவன். எனக்கு அந்த வழி போதுமானதாக இருந்தது. கேள்வி கேட்டே பிழைக்கிற எனக்கு, அவர் எதிரே ஒருவர் பதிலுக்காகக் காத்திருப்பார் என்று தோன்றவே இல்லை. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் வாய் வரவில்லை.

வேலைக்கு வெளியே நான் யாரோடாவது பேசுவது அந்த ஒரு மணி நேரம்தான். நாளை அவர் வேறு பெட்டியில் ஏறிவிட்டால், தேடிக்கொண்டு போவேனா என்று தெரியவில்லை.